குமரி மாவட்டத்துல அறுப்பு மிஷின் வாங்கி வாடகைக்கு விடணுமா? அட்வான்ஸ் கொடுக்கதுக்கு முன்னாடி இதைப் படிச்சிருங்க

நெல்லு அறுக்க ஆள் கிடைக்கல, சீசன்ல மிஷினுக்கு விவசாயி நாள் கணக்கா காத்துக் கிடக்கான், அப்ப ஒரு மிஷின் வாங்கிப் போட்டா பணம் கொட்டும்னு நம்ம பக்கம் நிறைய பேர் நினைக்காங்க. தேவை உண்டு, அதுல சந்தேகமே இல்ல. ஆனா பேங்க், ஆபீஸ், டீலர், லாரிக்காரர், டிரைவர்னு ஒவ்வொரு இடத்துலயும் என்ன கேப்பாங்க, எவ்வளவு ஆகும், எத்தனை நாள் இழுக்கும்னு முழுசா சொல்ல ஒரு ஆள் கிடைக்க மாட்டாங்க. நான் ஒவ்வொண்ணா அலைஞ்சு தான் தெரிஞ்சுக்கிட்டேன். தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கத்துல இந்தத் தொழிலுக்கு வரணும்னு நினைக்கவங்க அந்த அலைச்சலைப் படாம இருக்கட்டும்னு தான் இதை எழுதுகேன். நெல்லை அறுத்து அடிச்சு மணியைத் தனியா எடுக்க கம்பைன் மிஷினைப் பத்தி மட்டும் தான் சொல்லப் போறேன்.

1. மிஷினைப் பாக்கதுக்கு முன்னாடி மணி நேரத்தைத் தேடுங்க

இதை முதல்ல வைக்கதுக்கு காரணம் உண்டு. மிஷின் நல்லதா, மானியம் எவ்வளவுன்னு தான் எல்லாரும் விசாரிப்பாங்க, வருஷத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடும்னு யாரும் கணக்குப் போட மாட்டாங்க. இந்தத் தொழில்ல நீங்க விக்கது மணி நேரத்தை தான், அது கைல இல்லன்னா மிஷின் எவ்வளவு நல்லதா இருந்தாலும் பிரயோஜனம் இல்ல.

நம்ம மாவட்டத்துல வருஷத்துக்கு ரெண்டு பூ, அதாவது ரெண்டு நெல்லு சாகுபடி. கன்னிப்பூ அறுப்பு ஆவணி புரட்டாசி வாக்குல, கும்பப்பூ அறுப்பு தை கடைசி, மாசில. ஒவ்வொரு பூவுலயும் உண்மையா வேலை இருக்கது இருபது நாள்னு வச்சுக்கிடுங்க, ஏன்னா பேச்சிப்பாறை அணைத் தண்ணி வர்றதை வச்சு எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல நடுவாங்க, அதனால எல்லாம் ஒரே சமயத்துல விளையும். பனி காயணும், மழை வரும், மிஷின் ஒரு நாள் மக்கர் பண்ணும், லாரிக்கு காத்துக் கிடக்கணும், இதெல்லாம் கழிச்சா ஒரு நாளைக்கு 7 மணி நேரம் ஓடினா நல்ல நாள். ரெண்டு பூவும் சேத்து 40 நாள், 280 மணி நேரம். சொந்த ஊர்ல அவ்வளவு தான்.

இப்ப செலவைப் பாருங்க. புது செயின் வண்டி (டயருக்குப் பதிலா ரப்பர் ட்ராக்ல ஓடுகது) 28 லட்சம், கைக்காசு 7 லட்சம், லோன் 21 லட்சம், 11 சதவீத வட்டி, 5 வருஷம்னு எடுத்துக்கிடுவோம். மாசத் தவணை 45,600க்கு மேல வரும், வருஷத்துக்கு 5 லட்சத்து 48 ஆயிரம் கிட்ட. வாடகை மணிக்கு 2,500ன்னு வச்சா அதுல டீசல் 8 லிட்டர், 750 ரூபாய் போகும், டிரைவர் ஹெல்ப்பருக்கு 350, வேலை பிடிச்சுக் கொடுக்க புரோக்கருக்கு 100, தேய்மானத்துக்கும் ரிப்பேருக்கும் 300 ஒதுக்கணும். கைல நிக்கது 1,000. அப்ப தவணை கட்ட மட்டுமே வருஷத்துக்கு 550 மணி நேரம் ஓடணும். லாரி வாடகை, இன்சூரன்ஸ், நீங்க போட்ட 7 லட்சம், உங்க சொந்தச் சம்பளம் எதுவும் இந்தக் கணக்குல இல்ல.

280 எங்க, 550 எங்க. குமரி மாவட்டத்தை மட்டும் நம்பி கடன்ல புது மிஷின் வாங்கினா கட்டுப்படியாகாது, இதை நான் உறுதியா சொல்லுகேன். மீதி மணி நேரத்துக்கு வெளிய போகணும். அம்பாசமுத்திரம், தென்காசி பக்கம் கார், பிசானம்னு ரெண்டு நெல்லு சாகுபடி உண்டு, ஆனா அங்க நம்ம கூட சேந்தே விளையும். டெல்டால குறுவை அறுப்பு செப்டம்பர் அக்டோபர்ல, சம்பா ஜனவரி பிப்ரவரில. நமக்கு ரொம்ப வசதியா இருக்கது கேரளாவுல இருக்க குட்டநாடு, அங்க புஞ்சைன்னு சொல்ற நெல்லு அறுப்பு மார்ச் ஏப்ரல்ல வரும், நம்ம கும்பப்பூ முடிச்சுட்டு அப்படியே லாரில ஏத்தி ஆலப்புழை பக்கம் போயிரலாம். பாலக்காட்டுலயும் ரெண்டு சீசன் உண்டு.

வெளியூர் போக முடியாது, வீட்டை விட்டு நிக்க முடியாதுன்னா ரெண்டு மூணு பேர் கூட்டு சேந்து வாங்குங்க, இல்லன்னா நல்ல பழைய வண்டியா லோன் இல்லாம வாங்குங்க. அது கூட இல்லன்னா வெளியூர் மிஷினை வரவழைச்சு நம்ம ஏலாவுல (பல பேர் வயல் சேந்து கிடக்க வயல்வெளி) வேலை பிடிச்சுக் கொடுத்து ரெண்டு சீசன் தொழிலைப் படிச்சுக்கிடுங்க, கைக்காசு போடாம தொழில் கத்துக்கிட அதை விட நல்ல வழி எனக்குத் தெரியல.

2. செயினா டயரா

நம்ம பக்கத்துக்கு செயின் வண்டி தான். கன்னிப்பூ அறுக்கும்போது வயல்ல ஈரம் இருக்கும், சில வயல்ல முழங்கால் வரை புதையும், டயர் வண்டி இறங்கினா பின்ன கிரேன் கூப்பிடணும். கும்பப்பூல தரை காஞ்சு கிடக்க இடத்துல டயர் வண்டி ஓடும், வேகமா அறுக்கும், ரோட்டுல தானே ஓடிப் போகும், லாரி வேண்டாம். ஆனா அது பெரிய வண்டி, நம்ம இருபது சென்ட், முப்பது சென்ட் வயலுக்குள்ள திருப்பவே இடம் இருக்காது.

குபோட்டா, யன்மார், கிளாஸ் இந்த மூணும் செயின் வண்டில அதிகமா பாக்கலாம். எது நல்லதுன்னு என்கிட்ட கேட்டா, நாகர்கோவில்லயோ திருநெல்வேலிலயோ ஸ்பேர் பார்ட்ஸ் கிடைச்சு, ராத்திரி போன் பண்ணினா காலைல மெக்கானிக் வந்து நிக்க கம்பெனி எதுவோ அது நல்லது. டீலர் கிட்ட கேக்காதீங்க, ஏற்கனவே அந்த வண்டி வச்சிருக்க ரெண்டு ஓனர் கிட்ட கேளுங்க. சீசன்ல ஒரு பெல்ட்டுக்காக ரெண்டு நாள் நின்னா 35,000 ரூபாய் வாடகை போச்சு, பக்கத்து மிஷின்காரன் உங்க வேலையையும் எடுத்துட்டுப் போயிருவான்.

3. பழைய வண்டி வாங்கினா எதை எதைப் பாக்கணும்

ஓடின மணி நேரத்தை மீட்டர்ல மட்டும் பாத்து நம்பாதீங்க, மீட்டரை மாத்தலாம். பெடல் தேஞ்சிருக்கா, சீட்டு கிழிஞ்சிருக்கா, ட்ராக் ரோலர் ஆடுதா, ஆகர் (நெல்லைத் தள்ளிக் கொண்டு போற திருகு) ஓரம் கத்தி மாதிரி கூர்மையா தேஞ்சிருக்கான்னு பாருங்க, அது பொய் சொல்லாது. ரப்பர் ட்ராக் உள்ள இருக்க கம்பி வெளிய தெரிஞ்சா சீக்கிரம் மாத்தணும், ஒரு ஜோடி லட்ச ரூபாய்க்கு மேல போகும், அதை விலைல குறைச்சு பேசுங்க. நெல்லை அடிச்சு உதிர்க்க திரஷிங் ட்ரம்மைத் திறந்து காட்டச் சொல்லுங்க, பல்லு, அடில இருக்க வலை எல்லாம் பாருங்க. இன்ஜினை காலைல குளுந்து கிடக்கும்போது உங்க முன்னாடி ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும், ஏற்கனவே சூடாக்கி வச்சிருந்தா இன்னொரு நாள் வாறேன்னு சொல்லிட்டு வந்திருங்க. முடிஞ்சா சீசன் நேரத்துல அது வயல்ல ஓடுகதைப் பாத்து, பின்னால விழுற வைக்கோலைக் கைல எடுத்து உதறிப் பாருங்க, நெல்லு அதிகமா விழுந்தா உள்ள வேலை இருக்கு.

பேப்பர்ல தான் நிறைய பேர் மாட்டுவாங்க. வண்டி மேல லோன் இருக்கான்னு கண்டிப்பா பாக்கணும். லோன் இருந்தா அடைச்சு பேங்க்ல தடையின்மைச் சான்று வாங்கி, ஆர்.சி.ல அடமானப் பதிவை நீக்க படிவம் 35ல பேங்க்காரங்க கையெழுத்து போடணும். பேர் மாத்த படிவம் 29, 30. ஒரிஜினல் இன்வாய்ஸ், இன்சூரன்ஸ், விக்கறவரோட ஆதார் நகல் எல்லாம் வாங்கிக்கிடுங்க. மானியத்துல வாங்கின வண்டின்னா குறிப்பிட்ட காலத்துக்கு விக்கக்கூடாதுன்னு நிபந்தனை இருக்கும், அது முடிஞ்சுதான்னு எழுத்துல கேளுங்க. பின்னால தாறேன்னு சொல்ற பேப்பர் வராது. பேப்பர் எல்லாம் கைல வாங்கின பிறகு தான் மீதிப் பணம்.

4. லோனும் மானியமும், எது முதல்ல

வேளாண்மைப் பொறியியல் துறை வழியா ரெண்டு மாதிரி மானியம் உண்டு. ஒண்ணு தனிப்பட்ட விவசாயிக்கு: சிறு குறு விவசாயி, பெண்கள், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 50 சதவீதம், மத்தவங்களுக்கு 40 சதவீதம், ஒவ்வொரு மிஷினுக்கும் உச்சவரம்பு உண்டு, அதுக்கு மேல தர மாட்டாங்க. அதனால பாதி விலைக்கு மிஷின் வந்திரும்னு மனசுல கணக்கு போடாதீங்க. இன்னொண்ணு வாடகை மையம் அமைக்க மானியம், இது பேங்க் லோனோட சேந்தது, திட்ட மதிப்புல 40 சதவீதம். இதுல மிஷின் ஒண்ணை மட்டும் இல்லாம டிராக்டர், ரொட்டவேட்டர்னு சேத்து திட்டம் போடணும். மானியம் முதல்லயே கைக்கு வராது, லோன் கணக்குல பின்னாடி தான் வரவு வைப்பாங்க, அதனால தொடக்கத்துல முழுத் தவணையும் கட்ட தெம்பு வேணும்.

கேக்க பேப்பர் எல்லாம் முன்னாடியே ஒரு கவர்ல போட்டு வச்சிருங்க:

- ஆதார், பான், பேங்க் பாஸ்புக் நகல், போட்டோ
- சிட்டா, அடங்கல் (சிட்டா உங்க பேர்ல இருக்கணும். அப்பா, தாத்தா பேர்ல இருந்தா பட்டா மாத்த மாசக்கணக்குல ஆகலாம், இதை இன்னைக்கே தொடங்குங்க)
- சிறு குறு விவசாயி சான்று (இ-சேவைல விண்ணப்பிக்கணும், 60 ரூபாய் கட்டணம், தாசில்தார் கையெழுத்து வரை போகும்)
- சாதிச் சான்று, தேவைப்படுறவங்களுக்கு
- டீலர் கொட்டேஷன்
- வாடகை மையம்னா திட்ட அறிக்கையும் பேங்க் சம்மதக் கடிதமும்

நாகர்கோவில்ல இருக்க வேளாண்மைப் பொறியியல் துறை ஆபீஸ்ல நேர்ல போயி இந்த வருஷம் நம்ம மாவட்டத்துக்கு எத்தனை ஒதுக்கீடு, இன்னும் மிச்சம் இருக்கான்னு முதல்ல கேட்டுக்கிடுங்க. ஏப்ரல்ல புது நிதியாண்டு தொடங்குது, ஒதுக்கீடு வந்த உடனே போறவங்களுக்கு வாய்ப்பு அதிகம், டிசம்பர்ல போயி நின்னா அடுத்த வருஷம் வாங்கன்னு சொல்லிருவாங்க. உழவன் செயலில பதிவு பண்ணிக்கிடுங்க.

ரொம்ப முக்கியமான ஒண்ணு: மானியம் வேணும்னா அனுமதி ஆர்டர் கைக்கு வரதுக்கு முன்னாடி மிஷினை வாங்கக் கூடாது. நீங்க வாங்கிருங்க, நாங்க மானியம் எடுத்துத் தாறோம்னு சொல்லுகதைக் கேட்டு வாங்கினவங்களுக்கு ஒண்ணும் கிடைக்காது. துறை அங்கீகரிச்ச கம்பெனி, அங்கீகரிச்ச மாடல் தான் எடுக்கணும், அந்த லிஸ்ட்டைக் கேட்டு வாங்கிப் பாத்துட்டு டீலர் கிட்ட போங்க.

பேங்க்ல வேளாண் உள்கட்டமைப்பு நிதித் திட்டத்துல எடுக்க முடியுமான்னு கேளுங்க, அதுல 2 கோடி வரைக்குமான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை 7 வருஷம் வரை உண்டுன்னு இருந்தது, புதுக் கடனுக்கு இப்பவும் கிடைக்குமான்னு கேட்டுக்கிடுங்க. பிரைவேட் பைனான்ஸ் நாலு நாள்ல லோன் தருவாங்க, அரசு பேங்க்ல ரெண்டு மாசம் வரைக்கும் கூட இழுக்கும், ஆனா வட்டி வித்தியாசத்தை 5 வருஷத்துக்கு கணக்கு போட்டுப் பாருங்க, அந்த ரெண்டு மாசம் காத்திருக்கலாம். மாசத் தவணை வேண்டாம்னு சொல்லி அறுவடைக்குத் தக்க ஆறு மாசத் தவணை கேளுங்க. ஜூன்லயும் நவம்பர்லயும் நம்ம கைல காசு இருக்காது, மாசத் தவணை தவறினா அபராத வட்டி விழும், சிபில் ஸ்கோரும் போயிரும்.

கன்னிப்பூவுக்கு மிஷின் வேணும்னா பிப்ரவரி மார்ச்லயே பேப்பர் வேலையை தொடங்கிரணும். ஆடி மாசம் போயி பேங்க்ல நின்னா கும்பப்பூவுக்கு தான் கிடைக்கும்.

கொட்டேஷன்ல இன்னொரு விஷயம். அறுவடை மிஷினுக்கு ஜி.எஸ்.டி. முன்னாடி 12 சதவீதமா இருந்தது, 2025 செப்டம்பர் 22ல இருந்து 5 சதவீதம். பழைய விலைப் பட்டியலைக் காட்டினா வரி தனியா பிரிச்சு போட்ட கொட்டேஷன் கேட்டு வாங்குங்க.

5. பதிவு, இன்சூரன்ஸ், வரி

டயர் வண்டின்னா ரோட்டுல ஓடும், ஆர்.டி.ஓ. பதிவும் மூணாம் நபர் இன்சூரன்ஸும் இல்லாம வெளிய எடுக்காதீங்க. பதிவுக்கு படிவம் 20, டீலர் தர படிவம் 21, 22. செயின் வண்டியை லாரில தான் கொண்டு போவோம், இருந்தாலும் அதுக்கு என்ன பேப்பர் வேணும்னு டீலர் கிட்டயும் ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் கேட்டு இன்வாய்ஸோட ஒரு பைல்ல போட்டு லாரிலயே வைங்க. கேரளா பார்டர் தாண்டும்போது கேப்பாங்க.

இன்சூரன்ஸ் எடுக்கும்போது தீ, திருட்டு, கவுந்து விழுறது, லாரில ஏத்தி இறக்கும்போது வர சேதம் இதெல்லாம் உள்ள வருதான்னு படிச்சுப் பாருங்க. ஏத்தி இறக்கும்போது பலகை வழுக்கி கவுறது தான் அதிகம் நடக்கும், பல பாலிசில அதை விட்டிருப்பாங்க. டிரைவர், ஹெல்ப்பருக்கு விபத்துக் காப்பீடு தனியா எடுங்க, நம்மளை நம்பி ராத்திரி பகல் பாக்காம உழைக்க பிள்ளைங்க, இதுல காசு பாக்காதீங்க.

சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு பண்ணிக்கிடுங்க, அது முழுக்க இலவசம், அரசு தளத்துல நீங்களே பண்ணலாம், யாராவது 2,000, 3,000 கேட்டா கொடுக்காதீங்க. விவசாயிக்கு அறுத்துக் கொடுக்க வாடகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனா வருமான வரில இது விவசாய வருமானம் இல்ல, தொழில் வருமானம். நம்ம விவசாயி தானே வரி இல்லன்னு நினைச்சு கணக்கு வைக்காம விட்டுராதீங்க, வருஷா வருஷம் ரிட்டர்ன் போட்டா அடுத்த லோனுக்கும் அது தான் உதவும்.

6. டிரைவர்

மிஷினை விட டிரைவர் முக்கியம். நல்ல டிரைவர் சத்தத்தை வச்சே எங்க அடைக்குதுன்னு சொல்லிருவாரு. சீசன் தொடங்க ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே பேசி வைங்க, அட்வான்ஸ் கேப்பாங்க, கொடுக்க தொகையை நோட்டுல எழுதி கையெழுத்து வாங்குங்க. சம்பளம் மணிக் கணக்குலயா நாள் கணக்குலயா, சாப்பாடு பேட்டா உண்டா, மிஷின் நிக்க நாளைக்கு என்ன, எல்லாம் முதல்லயே பேசிரணும். மணிக்கு இவ்வளவுன்னு மட்டும் பேசினா வண்டியை விரட்டுவாங்க, நெல்லு பின்னால கொட்டும், விவசாயி அடுத்த பூவுக்கு கூப்பிட மாட்டாரு. எனக்குப் பிடிச்சது நாள் சம்பளமும் அதுக்கு மேல மணிக்கு சின்னத் தொகையும்.

லைசென்ஸ் இருக்கணும், அதோட நகல் உங்க கிட்ட இருக்கணும். காலைல வண்டி எடுக்கும்போதும் ராத்திரி நிறுத்தும்போதும் ஹவர் மீட்டரை போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்ல அனுப்பச் சொல்லுங்க, டீசல் கணக்கும் அது கூடவே சரியா வந்திரும்.

7. ஏலா ஒழுங்கு

இங்க தான் நம்ம மாவட்டம் மத்த இடத்துல இருந்து மாறுது. தஞ்சாவூர் பக்கம் மாதிரி ரோட்டுல இருந்து நேரா வயலுக்குள்ள இறங்க முடியாது. ஒரு ஏலாவுல ஐம்பது பேருக்கு நிலம், ஒவ்வொருத்தருக்கும் இருபது, முப்பது, நாப்பது சென்ட், நடுவுல ஓடை, ஒரு பக்கம் தென்னை, இன்னொரு பக்கம் ஏத்தன் வாழை. நடுவுல இருக்க வயல் முதல்ல விளைஞ்சா கரைல இருக்க வயலைத் தாண்டித் தான் போகணும், அந்த வயல்ல நெல்லு இன்னும் பச்சையா நிக்கும். ஒரு ஆளுக்கு வாக்கு கொடுத்துட்டு மிஷினை இறக்கின பிறகு பாதை இல்லன்னு நின்னா அரை நாள் போச்சு.

அதனால தனித்தனியா ஆள் பிடிக்காம ஏலா ஏலாவா பிடிங்க. அறுப்புக்கு ஒரு மாசம் முன்னாடி, பால் பிடிக்க நேரத்துலயே, அந்த ஏலாவோட பாசன சங்கத் தலைவரையோ அங்க எல்லாரும் மதிக்க ஒரு பெரியவரையோ போயி பாருங்க. ஒரு பேப்பர்ல வயல் வாரியா எழுதுங்க: யாரோட வயல், எத்தனை சென்ட், என்ன ரகம், எந்தத் தேதில நட்டது, மிஷின் எந்த வழியா வரும், யாரோட வரப்பு வெட்டணும். அம்பை 16, டி.பி.எஸ். ரகம், பொன்மணி எல்லாம் ஒரே நாள்ல விளையாது, பொன்மணி பின்ன தான் வரும், அதனால ரகம் எழுதாம தேதி போட முடியாது.

வரப்பு வெட்டினா திரும்ப அணைச்சுக் கொடுக்கது உங்க பொறுப்புன்னு முதல்லயே சொல்லிருங்க, சொன்ன மாதிரி செய்யுங்க. வாழை சாஞ்சா என்ன கொடுக்கதுன்னும் பேசிரணும். ரெண்டு இரும்புப் பலகை லாரிலயே வச்சிருங்க, ஓடை தாண்ட கண்டிப்பா வேணும். சின்னப் பாலம், கலுங்கு மேல ஏத்தினா வண்டி எடையைத் தாங்குமான்னு கேட்டுக்கிட்டு ஏத்துங்க.

விவசாயி கிட்ட சொல்ல வேண்டியது: அறுப்புக்கு ஏழுல இருந்து பத்து நாளைக்கு முன்னாடி தண்ணியை வடிச்சிரணும். மேல் வயல்காரர் வடிச்சா கீழ் வயல்ல போயி நிக்கும், அதனால இதையும் ஏலா முழுக்க சேந்து தான் செய்ய முடியும்.

வாடகை பேசும்போது பலரும் அரசு மிஷின் ரேட்டைச் சொல்லுவாங்க. வேளாண்மைப் பொறியியல் துறை மிஷினுக்கு செயின் வண்டி மணிக்கு 1,880, டயர் வண்டி 1,160ன்னு அறிவிச்சு ஓடினது உண்டு, அவங்களுக்குத் தவணையும் வட்டியும் கிடையாது. அதுல கோவப்படாதீங்க, அந்த மிஷின் கிடைச்சா அவங்க எடுக்கட்டும், எண்ணிக்கை கம்மி, எல்லாருக்கும் கிடைக்காது. நீங்க ஒரே ரேட்டு வைங்க, ஏலா முழுசுக்கும். மழை வருதுன்னு பாத்து மணிக்கு 500 கூட்டிக் கேக்க ஆளுங்க உண்டு, அது அந்த நாளைக்கு லாபம் மாதிரி தெரியும், ஆனா விளைஞ்ச நெல்லு தண்ணில கிடக்க நேரத்துல ஒரு விவசாயி கிட்ட அப்படிக் கேக்கது நியாயமே இல்ல, அவங்க மறக்கவும் மாட்டாங்க.

8. வயலுக்குள்ள கவனிக்க வேண்டியது

காலைல பனி காயதுக்கு முன்னாடி இறங்காதீங்க, நெல்லு ஈரமாகும், வைக்கோல் சுத்தி ட்ரம் அடைக்கும். அரசு கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம் வரை தான் எடுப்பாங்க, காலைல ஆறு மணிக்கு அறுத்துக் கொடுத்தா விவசாயி ரோட்டுல ரெண்டு நாள் காயப் போடணும்.

இறங்கதுக்கு முன்னாடி ஹெல்ப்பர் வயலைச் சுத்தி நடந்து பாக்கணும். தென்னை மட்டை, பாளை, விழுந்த தேங்காய், வாழைக்கு முட்டு கொடுத்த கம்பு, கயிறு, கம்பி, கல்லு. ஒரு தேங்காய் உள்ள போனா கத்தி, ஆகர் எல்லாம் வளைஞ்சு போகும். தாழ்வா போற கரண்ட் கம்பியை கட்டாயம் பாருங்க, நெல்லு கொட்ட பைப்பைத் தூக்கும்போது தொட்டுச்சுன்னா உயிர் போயிரும். தாழ்ந்த கம்பி இருந்தா மின்வாரியத்துல சொல்லி சரி பண்ணின பிறகு இறங்குங்க, இல்லன்னா அந்த வயல் வேண்டாம்.

அடைப்பு எடுக்கும்போது இன்ஜினை அணைச்சு சாவியை ஹெல்ப்பர் கைல வச்சுக்கிட்டு தான் கை விடணும். ரெண்டு நிமிஷ வேலை தானேன்னு ஓடிக்கிட்டே கை விட்டு விரல் போனவங்க இந்தத் தொழில்ல உண்டு. இதுல உங்க டிரைவர், ஹெல்ப்பர் யாருக்கும் விதிவிலக்கு கொடுக்காதீங்க.

சாஞ்ச நெல்லுக்கு நேரம் ஒண்ணரை மடங்கு ஆகும், சாஞ்ச பக்கத்துக்கு எதிரா பைய ஓட்டணும். இதை ஆரம்பிக்கதுக்கு முன்னாடியே விவசாயிக்கு சொல்லிருங்க, முடிஞ்ச பிறகு சொன்னா சண்டை வரும்.

வைக்கோல் நம்ம பக்கம் பெரிய விஷயம். மாடு வச்சிருக்கவங்க மிஷின் வைக்கோலை மாடு தின்னாதுன்னு சொல்லுவாங்க, நொறுங்கிப் போயி கிடக்கும். முடிஞ்ச வரை உயரமா அறுக்காம தாழ்த்தி அறுங்க, வைக்கோல் கட்டு போடுற மிஷின்காரரோட பேசி வச்சு அறுத்த மறுநாளே கட்ட வைங்க. இந்த ஒரு உதவிக்காகவே உங்களைத் திரும்பக் கூப்பிடுவாங்க.

திருப்பதிசாரம் பக்கம் விதைக்காக நெல்லு போடுறவங்க வயலுக்குப் போனா அதுக்கு முன்னாடி மிஷினை முழுசாத் திறந்து, டேங்க், ஆகர், வலை எல்லாம் ஊதி சுத்தம் பண்ணிட்டு இறங்கணும். இன்னொரு ரக நெல்லு ஒரு படி கலந்தாலும் அவங்க விதை பாழ். சுத்தம் பண்ண ஒரு மணி நேரம் ஆகும், அதுக்குத் தனியா கூலி கேட்டா கொடுப்பாங்க.

9. காசு வாங்குறது

வயல்ல இறங்கும்போது ஹவர் மீட்டரை விவசாயிக்கு காட்டி நோட்டுல எழுதுங்க, முடிக்கும்போது திரும்பக் காட்டி எழுதி கையெழுத்து வாங்குங்க. ஒரு வயல்ல இருந்து அடுத்ததுக்கு போற நேரம் யார் கணக்குன்னு முதல்லயே பேசிரணும், நான் ஏலாவுக்குள்ள போற நேரத்தை அடுத்த வயல்காரர் கணக்குல போடுவேன், வெளிய போற நேரம் என் கணக்கு.

நெல்லு வித்த பிறகு தாறேன்னு சொல்லுவாங்க. வயல்லயே வியாபாரி நெல்லு எடுத்தா, அவர் கிட்ட இருந்து நேரா வாடகையை வாங்கிக்கிட முடியுமான்னு மூணு பேரும் சேந்து நின்னு பேசிக்கிடுங்க. கொள்முதல் நிலையத்துக்கு போட்டா பணம் அக்கவுண்ட்ல வர நாளாகும், அவங்களுக்கு பாதி இப்ப, பாதி பின்னன்னு விடலாம். டீசல் காசாவது அன்னைக்கே கைக்கு வரணும், அது இல்லன்னா நாளைக்கு வண்டி நகராது.

10. வெளியூர் போகும்போது

தெரியாத புரோக்கரை நம்பி லாரி ஏத்தாதீங்க. 200 ஏக்கர் இருக்குன்னு சொல்லுவாங்க, போயி பாத்தா ஏற்கனவே அஞ்சு மிஷின் நிக்கும். லாரி போக வர செலவு, அங்க கிடைக்க மணி நேரம் ரெண்டையும் வச்சு கணக்கு போடுங்க, குறைஞ்சது 100 மணி நேரம் உறுதியா இல்லன்னா நான் லாரி ஏத்துகதில்ல. குட்டநாட்டுக்கு போறதுக்கு முன்னாடி பாடசேகர சமிதிக்காரங்க (அந்த வயல்வெளி விவசாயிங்க சங்கம்) கிட்ட நேரடியா பேசுங்க, மணிக்கு என்ன ரேட்டு, மிஷினை ஜங்கார்ல (வண்டி ஏத்துற பெரிய படகு) ஏத்துற செலவு யாருது, ஆளுங்களுக்கு தங்க இடம் உண்டான்னு கேளுங்க. அங்க மண்ணு ரொம்ப இளக்கம், புதைஞ்சா எடுக்க இன்னொரு மிஷினும் கயிறும் வேணும், அதனால தனியா போகாம இன்னொரு ஓனரோட சேந்து ரெண்டு வண்டியா போங்க.

11. சீசன் முடிஞ்ச பிறகு

நிறைய வண்டி சும்மா நிக்கும்போது தான் கெட்டுப் போகுது. கடைசி வயல்ல இருந்து ஏத்தின அன்னைக்கே உள்ள இருக்க நெல்லு, வைக்கோல், தூசி எல்லாம் எடுத்திருங்க, விட்டா எலி வந்து குடியிருக்கும், ஒயரைக் கடிச்சு வச்சிரும், அது எங்க போச்சுன்னு கண்டுபிடிக்க எலக்ட்ரீசியனுக்கே ரெண்டு நாள் ஆகும். ரேடியேட்டர் வலை, ஏர் பில்டர் சுத்தம் பண்ணுங்க. பேட்டரி வயரைக் கழட்டிருங்க, பெல்ட்டை எல்லாம் தளர்த்தி விடுங்க, மிஷினுக்குள்ள ஓடுற செயினுக்கு கிரீஸ் போடுங்க. ரப்பர் ட்ராக் வெயில்ல கிடந்தா வெடிக்கும், ஷெட்டுக்குள்ள பலகை மேல நிறுத்துங்க. கடல் பக்கம் ஊருன்னா உப்புக் காத்துல துரு சீக்கிரம் ஏறும், இரும்புப் பாகத்துக்கு ஆயில் தடவி விடுங்க.

பெரிய ரிப்பேரை மே ஜூன்ல முடிச்சிருங்க, ஆடில எல்லா ஓனரும் ஒரே சமயத்துல மெக்கானிக்கைத் தேடுவாங்க. கத்தி பிளேடு ஒரு செட்டு, பெல்ட் ஒவ்வொண்ணுலயும் ஒண்ணு, டீசல் பில்டர், பேரிங் நாலஞ்சு, ரீல் பல்லு, ஹைட்ராலிக் ஹோஸ் ஒண்ணு, இவ்வளவும் ஒரு பெட்டில போட்டு லாரிலயே இருக்கணும். கன்னிப்பூவுக்கு வண்டியை எடுக்கதுக்கு பத்து நாள் முன்னாடி பேட்டரியை மாட்டி, அரை மணி நேரம் சும்மா ஓட்டி, ட்ரம்மை சுத்த விட்டு சத்தம் கேட்டுப் பாருங்க, ஏதாவது பார்ட் ஆர்டர் போட வேண்டியிருந்தா அந்த பத்து நாள்ல வந்து சேந்திரும்.